பாம்பன் பழைய பாலம்: போவது இரும்பு மட்டும்தானா?

தில்லி, மும்பை, கொல்கத்தா, நாக்பூர் என்று எங்கே குடியேறினாலும், இராமேஸ்வரத்துக்கு ஒருமுறையாவது போய்வராத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடன், குழந்தைக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல், அல்லது விடுமுறைப் பயணம் என்று ஏதோ ஒரு காரணம் வாய்த்துவிடுகிறது. 2022 டிசம்பருக்கு முன்பு ரயிலில் போனவர்களுக்குக் கூடுதலாக ஓர் அனுபவமும் கிடைத்தது. மண்டபத்தைத் தாண்டியதும் வண்டி ஊர்ந்து செல்லத் தொடங்கும். இரு புறமும் கடல். கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. பாட்டிமார்கள் காசு போட்டுக் கும்பிடுவார்கள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொள்வார்கள்.

அந்தப் பாலத்தில் இனி ரயில் ஓடாது. 2022 டிசம்பர் 23-ஆம் தேதி போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, இராம நவமியன்று திறக்கப்பட்டது. பழைய பாலத்தை அகற்றிவிடுவதென்று அதே ஆண்டில் ரயில்வே முடிவு செய்தது. அந்த முடிவைக் குறித்து வெளியூர்த் தமிழர்களாகிய நாமும் சற்று யோசிக்க வேண்டும்.

கடலில் ஒரு கதவு

1911-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மும்பையில் பாந்த்ரா-வர்லி பாலம் வரும்வரை, இந்தியாவின் மிக நீளமான கடற்பாலம் என்ற பெருமை இதற்கே இருந்தது.

நடுவில் இருந்த தூக்குப்பாலம்தான் இதன் தனிச்சிறப்பு. கப்பல் வந்தால் இரண்டு பாதிகளும் இரட்டைக் கதவுபோல் மேலே எழும்பி வழிவிடும். அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஷெர்சர் என்ற பொறியாளர் வகுத்த முறை இது. ஒவ்வொரு பாதியின் அடிப்பக்கமும் ஆடும் நாற்காலியின் கால்போல் வளைந்திருக்கும். பின்புறத்தில் எதிர்ப்பாரம் இருக்கும். பாரம் சமன்பட்டிருப்பதால், சில நூறு டன் எடையுள்ள இரும்பைத் தொழிலாளர்கள் சிலர் நெம்புகோலைக் கையால் சுற்றியே தூக்கினார்கள். மின்சாரம் இல்லாமல் தோள்வலியால் நூறு ஆண்டுக்கு மேல் இயங்கிய கதவு அது.

பாலம் பார்த்த பயணங்கள்

இந்தப் பாலம் வந்த பிறகு, சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மறுகரையில் மீண்டும் ரயில் ஏறினால் கொழும்பு. வியாபாரிகள், மாணவர்கள், யாத்திரிகர்கள் மட்டுமா போனார்கள்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்ட ஏழை எளியவர்களும் இந்த வழியே போனார்கள். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களைத் தங்கவைத்துச் சோதித்த பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள்.

1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி, அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பின்னர் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்தோம். பலர் அதற்கு முன் அந்தத் தாயகத்தைப் பார்த்ததே இல்லை! 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து நிலத்துக்கு வர இந்த ரயில் பாலத்தை விட்டால் படகுதான். தட்டுமுட்டுச் சாமான்களோடு அவர்கள் தமிழ்நாட்டுக்குள் வந்த வாசற்படி இதுவே.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இந்தக் கதை அந்நியமானதா, சொல்லுங்கள்.

புயலும் 46 நாட்களும்

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ரயில் பாலத்திலிருந்து விழுந்ததாகப் பலர் இன்றும் சொல்வதுண்டு. அது சரியல்ல. விபத்து நடந்தது தீவுக்குள்ளே, தனுஷ்கோடியை நெருங்கும் சமயத்தில்.

பாலமும் தப்பவில்லை. கர்டர்களில் பெரும்பகுதி கடலில் விழுந்தது. ஆனால் நடுவில் இருந்த தூக்குப்பாலம் அசையாமல் நின்றது. சீரமைக்கும் பொறுப்பு முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் ஒருவரிடம் வந்தது. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, மீண்டும் தூணில் ஏற்றி, 46 நாட்களில் ரயிலை ஓடவைத்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் தந்த ஈ. ஸ்ரீதரன்தான் அவர். மெட்ரோவில் தினமும் அலுவலகம் போகும் தில்லித் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

பிறகு 2007-இல் மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையானது. பழைய பாலம் பெரிய வண்டிகளையும் சுமந்தது. ஆனால் உப்புக் காற்று சும்மா விடுமா? 2018 டிசம்பரில் தூக்குப்பாலப் பகுதியில் விரிசல் கண்டு, சில மாதங்கள் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதில் நடுப்பகுதி முழுவதும் லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் உயரம் எழும்பும். தூக்குவது மின்சாரம், தோள்வலி தேவையில்லை.

எதை வைத்துக்கொள்வது?

பழசை அப்படியே விட்டுவைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். உணர்ச்சிவசப்படாமல் பார்த்தால் அது எளிதல்ல. படகுகள் போகும் வழியில் இரண்டு பாலங்கள் அருகருகே நின்றால், ஒரு படகுக்காக இரண்டையும் திறக்க வேண்டும். பராமரிப்பு இல்லாத இரும்பு அடுத்த பெரும்புயலில் பெயர்ந்து புதிய பாலத்தின் மீதே மோதினால் என்ன ஆகும்? ஆகவே ரயில்வேயைக் குறை சொல்வது நியாயமாகாது.

சிகாகோவில் கின்சி தெரு அருகே 1908-இல் கட்டிய ஒரு ரயில் தூக்குப்பாலம் இருக்கிறது. 2000-க்குப் பிறகு அதில் சரக்கு ரயில் ஓடவில்லை. 2007-இல் நகராட்சி அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. தூக்கிய கை தூக்கியபடியே ஆற்றங்கரையில் நிற்கிறது. ஆனால் அது நன்னீர் ஆறு. இது புயல் வீசும் உப்புக் கடல். அங்கே செய்ததை இங்கே அப்படியே செய்ய முடியாது. வேறு வழி உண்டு. பாலம் முழுவதும் வேண்டாம். தூக்குப்பாலத்தின் ஒரு பாதியையாவது, நெம்புகோலும் எதிர்ப்பாரமும் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து, மண்டபத்திலோ பாம்பனிலோ நிறுத்தலாம். பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு கல்வெட்டில், அந்த வழியே போனவர்கள், வந்தவர்கள், 1964-இல் மாண்டவர்கள் எல்லோரையும் நினைவுகூரலாம். மொத்த இரும்பும் எடைபோட்டு ஏலத்துக்குப் போய்விட்டால், பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்ப வராது.

நம் தமிழ்ச் சங்கங்கள் இதற்காக ரயில்வே அமைச்சகத்துக்கு ஒரு மனு அனுப்பலாம். அதற்கும் முன்பாக, ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. போட் மெயிலில் பாலத்தைக் கடந்தவர்கள், கப்பலில் வந்து இறங்கியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். பழைய டிக்கெட், புகைப்படம் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். இரும்பைக் காப்பது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இது நம் கையில்.