பைக்கில் கூடுதல் எல்.இ.டி. விளக்கு... கரன்ட் எங்கிருந்து எடுப்பது?

‘முல்லைப் பூ எடுக்க விடியற்காலை 3 மணிக்கே பைக்கில் கொல்லைக்குப் போகிறேன். பாதை தெரிய இரண்டு எல்.இ.டி. விளக்கு மாட்டினேன். பூ எடுக்கும்போதும் அதையே எரியவிட்டேன். பத்தே நாளில் பேட்டரி இறங்கிவிட்டது. பூ மூட்டையை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ள வேண்டியதாயிற்று. என்ன செய்யலாம்?’ என்று புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி வட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் பூ விவசாயம் செய்பவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். காலையில் கமிஷன் கடைக்குப் போய்ச் சேராத பூவுக்கு விலை கிடைக்காது. இரவில் மோட்டார் போடப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். விளக்கு வாங்கும் முன்பே அதற்கான மின்சாரத்தைப் பற்றி யோசித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

முதலில் கணக்கு

பைக் பேட்டரி சிறியது. 100 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 3 முதல் 5 ஆம்பியர்-மணி அளவுதான் இருக்கும். விளக்கின் வாட்டை 12-ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட். 12-ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். எஞ்சினை நிறுத்திவிட்டு இதை எரியவிட்டால், 4 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படியே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். பழைய பேட்டரியாக இருந்தால் அரை மணி நேரத்திலேயே செல்ஃப் திணறும்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியும். ஆகவே, கூடுதல் விளக்கின் சுமை எப்போதும் அதற்கு மேல்தான் சேரும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் பம்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் கிக்கரை உதைத்தும் பலன் இல்லாமல் போகலாம்.

மூன்று வழிகள்

1. மேக்னெட் காயில்: பழைய மொபெட், பைக்குகளில் ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டிலிருந்து நேராக ஏ.சி. மின்சாரம் போகும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடும், விட்டால் மங்கும். இந்த லைனில் சாதாரண எல்.இ.டி. விளக்கைக் கொடுத்தால் மினுக்கும்; சீக்கிரம் புகைந்தும் போகும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் எரியும் என்று போட்டிருக்கும் விளக்கைத்தான் இதில் கொடுக்கலாம்.

2. வண்டியின் பேட்டரி: ஓட்டும்போது மட்டும் வெளிச்சம் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சரி. ஆனால், ஹெட்லைட் வயரை வெட்டி முறுக்கி இணைக்கக் கூடாது. சுவிட்சும் வயரும் சூடேறி உருகும். ரிலே போடுங்கள். அதன் கால்களில் எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, அதன் அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 30-க்கு வயர் கொடுக்க வேண்டும். 87 விளக்குக்கு; 85 எர்த்துக்கு. சாவி லைனிலிருந்து ஒரு சுவிட்ச் வழியாக 86-க்குக் கொடுத்தால், சாவியை எடுத்ததும் விளக்கு அணைந்துவிடும். மறந்து எரியவிடும் பேச்சே இல்லை. 100 சி.சி. வண்டிக்கு 10 வாட் விளக்கு இரண்டு போதும்.

3. தனி பேட்டரி: வண்டியை நிறுத்திவிட்டு வேலை செய்ய வெளிச்சம் வேண்டும் என்றால் பைக் பேட்டரியைத் தொடாதீர்கள். பூ எடுக்க, தலையில் மாட்டும் சார்ஜ் டார்ச் போதும். மோட்டார் கொட்டகைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும், 20 வாட் சோலார் தகடும், சார்ஜ் கன்ட்ரோலரும் வைக்கலாம். இதில் பாதி சார்ஜிலேயே 5 வாட் விளக்கு 8 மணி நேரம் எரியும். நல்ல வெயிலில் ஒரே பகலில் அந்தப் பாதி ஏறிவிடும். 2018 நவம்பர் கஜா புயலில் கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் இருட்டில் கிடந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளிலும் இது உதவும்.

மாட்டியபின் சோதனை

மல்டிமீட்டர் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கி, எல்லா விளக்கையும் போட்டுப் பேட்டரி முனைகளில் அளக்கச் சொல்லுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.8-க்குக் கீழே இறங்கினால், விளக்கு பேட்டரியைத் தின்கிறது என்று அர்த்தம், வாட்டைக் குறைத்துவிடுங்கள். மலிவு விளக்குகளின் அட்டையில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் அங்கேயே அளந்துவிடலாம்.

வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் படாமல், தரையைப் பார்க்கும்படி தாழ்த்தி மாட்டுங்கள். சிவப்பு, நீல மினுக்கு விளக்குகள் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால், உங்கள் வண்டிக்கு எது செல்லும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: இரண்டு விளக்கையும் சாவி லைன் ரிலேக்கு மாற்றுங்கள். கொல்லைக்குப் போய்ச் சேர்ந்ததும் சாவியை எடுத்துவிட்டு, தலை டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை அடியோடு இறங்கிய பேட்டரி பலம் குறைந்திருக்கும். கடையில் முழுதாக சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு அப்படியே வைத்து அளந்து பாருங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் புதிது வாங்கிவிடுவது நல்லது. விடிவதற்குள் மூட்டை கடைக்குப் போய்ச் சேர வேண்டுமே!