எலிக் காய்ச்சலும் மூளையும்

கெடிலமும் தென்பெண்ணையும் கடலொடு கலக்கும் இடம் கடலூர். அதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, வீராணத்து நீரால் விளையும் வயல்கள் சூழ விளங்குவது சிதம்பரம். மழைக்காலத்தில் இவ்வயல்களில் உழவர் சேற்றில் நின்று தொழில் புரிவர். எலிக் காய்ச்சலுக்கு வித்தாகிய நுண்ணுயிர் வாழ்வதும் இத்தகைய சேற்றிலேதான். 2015ஆம் ஆண்டு நவம்பரில் நேர்ந்ததுபோலப் பெருவெள்ளம் வருமாயின், உழவரல்லாதாரையும் இந்நோய் பற்றக்கூடும்.

அந்நுண்ணுயிர்க்கு லெப்டோஸ்பைரா என்று பெயர். திருகாணிபோற் சுருண்டு, நுனி வளைந்திருக்கும். 1907ஆம் ஆண்டில் ஸ்டிம்சன் என்பார் இறந்தார் ஒருவரின் சிறுநீரகத்தில் இதனைக் கண்டு, வினாக்குறியை ஒத்திருத்தலின் அதற்கேற்பப் பெயரிட்டார். நோயின் முதல் இதுவே என நிறுவியவர் சப்பானிய அறிஞராகிய இனாடாவும் இடோவும் ஆவர். எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் வழியே இது வெளிப்பட்டு, ஈர மண்ணில் தங்கி, மக்களின் காலிலுள்ள வெடிப்பு வழியே உடலுட் புகும். எலியோ பெரும்பாலும் யாதொரு துன்பமுமின்றி ஓடித் திரியும்!

காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசைநோவு, கண் சிவத்தல் என்பன முதற்குறிகள். பலருக்கு நோய் இவ்வளவில் தணியும். சிலருக்கு மஞ்சட்காமாலை தோன்றும். வேறு சிலருக்கு மூளையுறை அழலும், கழுத்து விறைக்கும், அறிவு தடுமாறும், வலிப்பும் வரலாம். காமாலை இல்லாதபோது எலியை நினைப்பார் அரியர். இடர் விளைவது இங்கேதான். பழைய தென்னார்க்காட்டுப் பகுதி சப்பானிய மூளைக் காய்ச்சலுக்கும் இடமாயிருந்தது. காசநோயும் மூளையுறையைத் தாக்கும். மூளைக் காய்ச்சலின் நச்சுயிரை அழிக்கும் மருந்து இல்லை. காசநோய்க்குப் பல திங்கள் மருந்து வேண்டும். எலிக் காய்ச்சலோ பெனிசிலினுக்கு அடங்குவது. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் உயிர்க்கே கேடாம்.

ஆதலின் மருத்துவர் முதுகெலும்பிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுப்பர். 1891ஆம் ஆண்டில் குவின்கே என்பார் வகுத்த முறை இது. 'முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காது' என்று ஊரார் அஞ்சுவர். முதியோர்க்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே செல்வதால் அவ்வச்சம் வேண்டா. காசநோயாயின் அந்நீரிற் சர்க்கரை பெரிதும் குறைந்திருக்கும். எலிக் காய்ச்சலில் வெள்ளணுக்கள் மிக்கிருப்பினும் சர்க்கரை பெரும்பாலும் குறையாது. மூளைக் காய்ச்சலிலும் அவ்வாறே இருத்தலின், தண்டுவட நீர் ஒன்றே முடிவு கூறாது.

எனவே குருதியையும் ஆராய்தல் வேண்டும். முதல் வாரத்தில் நுண்ணுயிர் குருதியிலே உலவும். அதன் மரபுப்பொருளைத் தேடிக் காணலாம். பின்னர் உடல் ஆக்கும் எதிர்ப்பொருள்களே சான்று. உயிருள்ள நுண்ணுயிர்களுடன் நோயாளியின் குருதிநீரைக் கலந்து, அவை ஒட்டித் திரளுகின்றனவா என்று நுண்நோக்கியிற் பார்ப்பது சிறந்த சோதனை. சில நாள் இடையிட்டு இருமுறை எடுத்த குருதியில், பிந்தியதன் ஆற்றல் நான்கு மடங்கு மிக்கிருப்பின் ஐயம் நீங்கும். ஆனால் நோய் அதுவரை காத்திராது. ஆகவே குருதியை எடுத்து வைத்துவிட்டு, ஐயத்தின்பேரிலேயே மருந்தைத் தொடங்குவர்.

அவ்வையம் எழுவதற்கு உதவுவன கருவிகள் அல்ல. சில எளிய வினாக்களே. அண்ணாமலை நகரின் மருத்துவமனைக்கோ கடலூர் மருத்துவமனைக்கோ காய்ச்சலொடு வருவாரிடம், "நீர் செய்யும் தொழில் யாது? அண்மையில் வயலில் இறங்கினீரா? காலில் புண் உண்டா?" என்று கேட்பர். நோயாளி அறிவு மயங்கிக் கிடப்பின், இவற்றுக்கு விடை கூறவேண்டியவர் உடன்வந்த உறவினரே.