லேப்டாப்புக்குக் காது கேட்கலையா?

ஆன்டெனா கட்டியாச்சு. ரேடியோ ஆன். ஸ்பீக்கரில் 'ஊய்ங்...' என்று விசில் மாதிரி எஃப்டி-8 சிக்னல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் லேப்டாப் திரையில் ஒரு வரி? ம்ஹூம்! உடனே நம்ம ஆட்கள் செய்கிற முதல் வேலை, மொட்டை மாடிக்கு ஓடிப்போய் ஆன்டெனாவை ஆட்டிப் பார்ப்பது. இறங்கி வாங்க பாஸ்! ஸ்பீக்கரில் கேட்கிறது என்றால் ஆன்டெனா அதன் வேலையைச் செய்துவிட்டது. வில்லன் கீழே, சவுண்ட் செட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறான்.

புதுசா வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக் பிடித்துப் பேசாமல், கம்ப்யூட்டர் எழுப்பும் ஒலியை ஹாம் ரேடியோ வழியே அனுப்பி, மறுமுனையில் எழுத்தாகப் படிப்பதுதான் டிஜிட்டல் மோட். அதில் எஃப்டி-8 வந்தது 2017-ல். உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கி, ஜோ டெய்லர். டெய்லர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரட்டைப் பல்சர் கண்டுபிடிப்புக்காக 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். விண்வெளியிலிருந்து வரும் முனகலைக் கேட்டுப் பழகிய மனுஷன்! 2500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலோடு ஒப்பிட்டால், அதில் நூறில் ஒரு பங்கு சக்தி உள்ள சிக்னலைக்கூட இந்த மோட் படித்துவிடும்.

அப்படிப்பட்ட கில்லாடி சாஃப்ட்வேர் நம்ம டேபிளில் ஏன் முழிக்கிறது? காரணம் சிம்பிள். லேப்டாப்பின் ஆடியோ மனுஷக் குரலுக்காக டிசைன் பண்ணப்பட்டது. 'பேச்சைத் தெளிவாக்குகிறேன் பேர்வழி' என்று, மாறாமல் ஒலிக்கிற சத்தத்தை எல்லாம் ஃபேன் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். எஃப்டி-8 என்பதே 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எட்டே எட்டு ஸ்வரம், 12.64 நொடிக்கு. நாய்ஸ் சப்ரஷனின் கண்ணுக்கு அதுவும் ஒரு ஃபேன்தான்! எனவே முதல் காரியம், விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரில் இருக்கிற அத்தனையையும் ஆஃப் செய்யுங்கள். சாம்பிள் ரேட்டை 48000 ஹெர்ட்ஸில் வையுங்கள். 'கம்யூனிகேஷன்ஸ்' டேபில் 'டூ நத்திங்' கொடுங்கள். இல்லாவிட்டால் யாராவது நெட்டில் கால் பண்ணும்போது விண்டோஸ் தானாகவே மற்ற சத்தத்தை எல்லாம் குறைத்துவிடும்.

அப்புறம் டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் சாஃப்ட்வேரின் வாட்டர்ஃபால் திரையைப் பாருங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரிதான் இது. பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும். திரை மொத்தமும் வெறிச்சோடிக் கிடந்தால் ஒலி உள்ளேயே வரவில்லை என்று அர்த்தம். ரேடியோவின் யு.எஸ்.பி. ஆடியோவுக்குப் பதில் லேப்டாப்பின் சொந்த மைக் செலக்ட் ஆகியிருக்கும். நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லையா? கேபிளை வேறு போர்ட்டில் செருகினாலே விண்டோஸ் புதுப் பெயர் வைத்துவிடும், அதைச் சரிபாருங்கள். விண்டோஸ் 10, 11-ல் ப்ரைவஸி பக்கத்தில் மைக் அனுமதி தரவும் மறக்காதீர்கள். (இந்த யு.எஸ்.பி. ஒரு தொல்லை. கேபிளுக்கும் அதே பெயர், ரேடியோவில் வைக்க வேண்டிய 'அப்பர் சைட்பேண்ட்' மோடுக்கும் அதே பெயர்!)

திரையில் கோடு கோடாய் சிக்னல் ஓடுது, ஆனா எழுத்து மட்டும் வரலையா? ஆடியோவைத் திட்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். எல்லாரும் 15 நொடிக்கு ஒரு முறை ஒரே தாளத்தில் அனுப்புகிற ஆட்டம் இது. உங்கள் கம்ப்யூட்டர் சில நொடி பிந்தினால் கதை முடிந்தது. 'டி.டி.' என்ற எண்களைக் கவனியுங்கள். வருகிற ஸ்டேஷன் எல்லாம் 1.5 காட்டினால், உலகமே லேட் இல்லை, நம்ம கடிகாரம்தான் தப்பு.

ஒலி அளவு? சிக்னல் எதுவும் இல்லாத வெறும் இரைச்சலில் மீட்டர் 30 டி.பி. பக்கத்தில் நின்றால் போதும். ரேடியோவின் ஸ்பீக்கர் வெளியீட்டை நேரே மைக் ஜாக்கில் செருகி, எல்லாவற்றையும் நசுக்குவதுதான் வழக்கமான சொதப்பல். தனியாக ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் வாங்கி, ஒலியைக் குறைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதுவரை நஷ்டம் நமக்கு மட்டும். டிரான்ஸ்மிட் பண்ண ஆரம்பித்தால் ஊருக்கே! 700 ஹெர்ட்ஸில் அனுப்புகிற ஒலியை அளவுக்கு மீறி ஏற்றினால் 1400, 2100 என்று போலிச் சிக்னல்கள் முளைத்து மற்றவர்களின் இடத்தைப் பிடிக்கும். பெரும்பாலான ரேடியோக்களில் ஏ.எல்.சி. மீட்டர் அசையத் தொடங்கும் வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கிவிடுங்கள். 1500-க்கு மேல் உள்ள ஸ்வரத்தில் அனுப்புவது இன்னும் புத்திசாலித்தனம். இரண்டாவது ஹார்மோனிக் 3000-ஐத் தாண்டி ஃபில்டருக்கு வெளியே விழுந்துவிடும்.

இன்னொரு கூத்து. ரேடியோவின் ஆடியோவையே டிஃபால்ட் ஸ்பீக்கராக வைத்துவிட்டு, வாக்ஸில் ஓட்டினால், மெசேஜ் வரும் 'டிங்' சத்தத்துக்கே டிரான்ஸ்மிட்டர் கிளம்பிவிடும். நீங்கள் கேட்கிற சினிமாப் பாட்டும் காற்றில் போகும். ஹாம் பேண்டில் பாட்டு போடத் தடை இருக்கு மச்சி. பரீட்சை எழுதி வாங்கிய லைசென்ஸுக்கே ஆபத்து! சிஸ்டம் சவுண்டை 'நோ சவுண்ட்ஸ்' ஆக்கிவிட்டு, டிஃபால்ட்டை லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுங்கள்.

டிரான்ஸ்மிட் அழுத்தியதும் யு.எஸ்.பி. துண்டிக்கிறதா? ரேடியோ அலை கேபிளுக்குள் புகுந்துவிட்டது. பவரைக் குறைத்துப் பாருங்கள். சரியானால் கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

லைசென்ஸும் இல்லை, ரேடியோவும் இல்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் ரேடியோவை நெட் வழியே யாரும் இலவசமாகக் கேட்கலாம். 14.074 மெகாஹெர்ட்ஸ், அப்பர் சைட்பேண்ட் வையுங்கள். பிரவுசரின் ஒலியை 'வி.பி. கேபிள்' என்ற சாஃப்ட்வேர் மூலம் டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸுக்குள் திருப்பிவிடுங்கள். நெட் தாமதத்தால் டி.டி. கொஞ்சம் ஏறியே இருக்கும், பயப்பட வேண்டாம். நம்மூர் மதியத்துக்கு மேல், அங்கே பகலாக இருக்கும்போது முயன்றால் கூட்டம் ஜாஸ்தி.