நற்பெயர்க் கணக்கு

இணைய உரையாடற் குழுக்களில் உறுப்பினரின் நன்மதிப்பைப் புள்ளிகளாகக் குறித்துவைக்கும் நிரல்கள் உண்டு. உதவி பெற்றவர், உதவியவர் பெயரை எழுதி, அருகே இரண்டு கூட்டற்குறி இடுவார். உடனே நிரல் அப்பெயரின் கணக்கில் ஒரு புள்ளி சேர்க்கும். சி என்னும் நிரல்மொழியில் எண்ணை ஒன்று உயர்த்தும் குறி இதுவேயாம். தமக்குத் தாமே புள்ளியிடுவதைப் பல நிரல்கள் ஏற்பதில்லை. புகழ் பிறர் வாயால் வருதல் வேண்டுமன்றோ?

ஒருவரது நம்பகத்தைக் கணக்கால் அறிதல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கி.பி. 921இல் பொறிக்கப்பட்டது. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதலாகாது என்று அது விதித்தது.

புள்ளி பிறரது நன்றியைக் காட்டும். பொறுப்போடு முடித்த செயலே ஒருவரது தகுதியைக் காட்டும்.