பற்றி எரிந்த ‘முத்து’க் கப்பல்!
தீயோடு போராடிய தூத்துக்குடி காவல் கப்பல்கள்

கப்பலின் பெயரிலேயே முத்து இருந்தது. ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ என்பது அதன் பெயர். ‘பேர்ல்’ என்றால் முத்து. அந்த முத்து நடுக்கடலில் நாள் கணக்கில் எரிந்தது. அதை அணைக்கப் போன இந்திய கடலோர காவல் படைக் கப்பல்கள், முத்து நகரமான தூத்துக்குடியைத் தளமாகக் கொண்டவை!

2021-ம் ஆண்டு மே மாதம் நடந்த சம்பவம் இது. தீ எரிந்தது கொழும்பு கடலில்தான். ஆனால் அங்கிருந்து தூத்துக்குடி சுமார் 150 கடல் மைல்தான். இரண்டு ஊருக்கும் இடையே இருப்பது மன்னார் வளைகுடா. அங்கே கொட்டியது இங்கே வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஒழுகிய ஒரு பெட்டி

சிங்கப்பூர் கொடி கட்டிய கப்பல் அது. நீளம் 186 மீட்டர். 2021-ம் ஆண்டுதான் கட்டி முடித்து கடலில் இறக்கியிருந்தார்கள். புத்தம் புதுக் கப்பல்.

மொத்தம் 1,486 கன்டெய்னர்கள் ஏற்றியிருந்தார்கள். அதில் 25 டன் நைட்ரிக் திராவகமும் இருந்தது. திராவகம் இருந்த ஒரு கன்டெய்னர் வழியிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது.

மாலுமிகள் அதைக் கவனிக்காமல் இல்லை. கத்தார் நாட்டு ஹமாத் துறைமுகத்திலும், நம் நாட்டு குஜராத் மாநிலம் ஹசீரா துறைமுகத்திலும் ‘‘இந்தப் பெட்டியை இறக்கிக் கொள்ளுங்கள்’’ என்று கேட்கப்பட்டது. அதற்கான வசதியும், கைதேர்ந்த ஆட்களும் உடனே கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. பெட்டி இறங்கவில்லை. ஒழுகிக்கொண்டே கொழும்பு வரை வந்தது.

நைட்ரிக் திராவகம் தானாகத் தீப்பிடிக்கிற சரக்கு அல்ல. ஆனால் இரும்பை அரிக்கும். மரம், துணி, காகிதம் போன்ற பொருட்களில் பட்டால் சூடேற்றி எரிய வைத்துவிடும். பக்கத்தில் என்ன சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது ஆபத்து.

மே 20-ந்தேதி கப்பலில் இருந்து புகை கிளம்பியது. அப்போது கப்பல் கொழும்பு துறைமுகத்துக்கு வடமேற்கே சுமார் 9½ கடல் மைல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றது.

தண்ணீருக்கு நடுவே தீ

‘‘சுத்திலும் தண்ணிதானே அண்ணாச்சி? அள்ளி ஊத்துனா அணைஞ்சிட்டுப் போவுது!’’ என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கப்பல் தீ அவ்வளவு சுலபத்தில் அடங்குவது இல்லை.

கன்டெய்னர் என்பது பூட்டிய இரும்புப் பெட்டி. தீ அதன் உள்ளே இருக்கும். வெளியே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே போகாது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருப்பதால், நடுவில் இருக்கிற பெட்டியை நெருங்கவே முடியாது. ஒரு பெட்டியின் சூடு அடுத்த பெட்டியைப் பற்ற வைக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடிக்கிற தண்ணீர் எல்லாம் வெளியே வழிந்து விடாது. ஒரு பங்கு கப்பலுக்குள் தங்கும். டன் கணக்கில் தேங்கினால் கப்பல் சாயும், மூழ்கும். தண்ணீர் குறைந்தால் தீ ஜெயிக்கும். கூடினால் கடல் ஜெயிக்கும். இதற்கு நடுவில்தான் தீயணைக்கிறவர்கள் வேலை பார்க்க வேண்டும்.

இலங்கை கடற்படையும் துறைமுக இழுவைக் கப்பல்களும் முதலில் போராடின. விமானப்படை ஹெலிகாப்டர் மேலிருந்து ரசாயனப் பொடியைத் தூவியது. கடலோ கொந்தளிப்பாக இருந்தது. காற்றும் பலமாக வீசியது.

மே 25-ந்தேதி கப்பலில் பயங்கர வெடிச்சத்தம் கேட்டது. தீ கொழுந்துவிட்டு எரிந்தது. கன்டெய்னர்கள் சரிந்து கடலில் விழுந்தன. கப்பலில் இருந்த 25 சிப்பந்திகளும் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். 2 பேருக்குக் காயம். உயிர்ச்சேதம் இல்லை.

விரைந்தது ‘வைபவ்’!

இலங்கை உதவி கேட்டது. இந்தியா உடனே களத்தில் இறங்கியது.

கடலோர காவல் படையின் ‘வைபவ்’, ‘வஜ்ரா’ ஆகிய கப்பல்கள் அனுப்பப்பட்டன. ‘வாட்டர் லில்லி’ என்ற இழுவைக் கப்பலும் போனது. டோர்னியர் விமானம் வானில் வட்டமிட்டு, எண்ணெய் கசிகிறதா என்று கண்காணித்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் அள்ளி எடுக்கும் ‘சமுத்ர பிரகரி’ என்ற விசேஷக் கப்பலும் பின்னாலேயே சென்றது.

இதில் ‘வஜ்ரா’வின் கதை கேட்கத்தக்கது. சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் கட்டப்பட்ட கப்பல் இது. 2021 மார்ச் 24-ந்தேதி சென்னையில் பணியில் சேர்க்கப்பட்டது. தூத்துக்குடியில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. பணியில் சேர்ந்து இரண்டு மாதம்தான். அதற்குள் இப்படி ஒரு அக்கினிப் பரீட்சை!

எரிகிற கப்பலை நெருங்கி, பெரிய பீரங்கி போன்ற குழாய்களால் கடல் தண்ணீரையும் நுரையையும் பீய்ச்சி அடித்தார்கள். காற்று திசை மாறினால் நச்சுப்புகை இவர்கள் மீதே திரும்பும். எந்தப் பெட்டி எப்போது வெடிக்கும் என்று தெரியாது. ஆபத்தான சரக்கு மட்டும் 81 கன்டெய்னர்கள். சரிந்த பெட்டிகள் தண்ணீரில் மிதக்கும். இருட்டில் அதில் மோதினால் அணைக்க வந்த கப்பலுக்கே ஆபத்து.

தீ அணைந்தது, கப்பல் மூழ்கியது

ஜூன் மாதம் பிறந்தபோது தீ அடங்கிவிட்டது. மிஞ்சியது கரிக்கட்டையாகிப் போன இரும்புக் கூடு.

இனி அதைக் கரையில் இருந்து தள்ளி, ஆழ்கடலுக்கு இழுத்துப் போய்விட வேண்டும். ஜூன் 2-ந்தேதி கயிறு கட்டி இழுத்தார்கள். ஆனால் என்ஜின் அறையில் தண்ணீர் புகுந்திருந்தது. கொஞ்ச தூரம்தான் நகர்ந்தது. கப்பலின் பின்பகுதி அமிழ்ந்து, சுமார் 21 மீட்டர் ஆழத்தில் கடலடியில் தட்டி உட்கார்ந்து விட்டது.

அதற்கு முன்பே கடற்கரைக்கு வேறு ஒரு சோதனை வந்துவிட்டது. கன்டெய்னர்களில் இருந்த பிளாஸ்டிக் குருணைகள் கொட்டின. பயறு அளவுகூட இல்லாத வெள்ளை மணிகள். வாளி, குடம், பை எல்லாம் செய்வதற்கான மூலப்பொருள் இது. சுமார் 1,680 டன்! இலங்கையின் மேற்குக் கரையில் பனி கொட்டியது போல மணலை மூடின. மீன் பிடிக்கத் தடை போட்டார்கள். 400-க்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. டால்பின்களும் திமிங்கலங்களும் மடிந்தன. வலை காய்ந்தது, மீனவர் வீட்டில் அடுப்பு அணைந்தது.

எண்ணெய்க் கப்பல் தப்பியது எப்படி?

அப்படியானால் கடலோர காவல் படையின் பாடு எல்லாம் வீணா? இல்லை. அதற்கு ஒன்பது மாதம் முன்பு நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

2020 செப்டம்பர் 3-ந்தேதி. ‘நியூ டைமண்ட்’ என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் குவைத்தில் இருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இலங்கையின் கிழக்கே சங்கமன்கண்டி முனையில் இருந்து சுமார் 38 கடல் மைல் தூரத்தில், என்ஜின் அறையில் கொதிகலன் வெடித்துத் தீப்பிடித்தது. 23 சிப்பந்திகளில் ஒருவர் பலியானார். 22 பேர் மீட்கப்பட்டார்கள்.

கப்பலில் இருந்தது 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெய்!

‘சவுரியா’, ‘சாரங்’, ‘சமுத்ர பகரேதார்’ உள்ளிட்ட இந்திய காவல் கப்பல்கள் விரைந்தன. எரியும் இடத்தில் மட்டும் அல்ல, எண்ணெய்த் தொட்டிகள் இருந்த பக்கத்திலும் விடாமல் தண்ணீர் அடித்து இரும்பைக் குளிர வைத்தார்கள். கரையை விட்டு ஆழ்கடலுக்கு இழுத்தும் போனார்கள். ஒருமுறை அணைந்த தீ மறுபடி பற்றியது. மறுபடியும் அணைத்தார்கள். கப்பலின் டீசல் கொஞ்சம் கசிந்தது. கச்சா எண்ணெய் கொட்டவில்லை.

‘நியூ டைமண்ட்’ கப்பலில் தீ பின்பகுதியோடு நின்றது. சரக்கைத் தீயிடம் இருந்து காப்பாற்ற முடிந்தது. ‘பேர்ல்’ கப்பலிலோ சரக்கே தீயாக இருந்தது. அதுதான் வித்தியாசம்.

முத்துக்குளித்துறைக்கு என்ன சம்பந்தம்?

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது வெறும் வெளியூர் செய்தி அல்ல. இங்கிருந்து போகும் கன்டெய்னர்களில் கணிசமானவை சிறு கப்பல்களில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அந்தக் கடல்வழிதான் இந்த ஊரின் கடைத்தெரு.

அதே கடலில்தான் மன்னார் வளைகுடா தேசிய பூங்காவும் இருக்கிறது. 1986-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள், பவளப்பாறைகள், கடல் பசுக்கள்.

முத்துச்சிப்பி விளையும் ‘பார்’களும் இந்தக் கடலடியில்தான். கொற்கை காலம் முதல் பேர் பெற்றவை. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டு. சிப்பி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் உயிர். கடல் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டித்தான் இரை தின்னும். தண்ணீர் கெட்டால் மீன் விலகி ஓடும். சிப்பி எங்கே ஓடும்?

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2025 மே 25-ந்தேதி ‘எம்.எஸ்.சி. எல்சா-3’ என்ற கப்பல் 640 கன்டெய்னர்களுடன் கொச்சி கடலில் மூழ்கியது. அதில் தீ இல்லை. 24 சிப்பந்திகளும் மீட்கப்பட்டார்கள். ஆனால் அதே வெள்ளைக் குருணைகள் கேரளக் கரையோடு நிற்காமல் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. கொழும்பில் பார்த்தது நான்கு ஆண்டில் தமிழ்நாட்டு மணலுக்கு வந்துவிட்டது. அடுத்த மாதமே, ஜூன் 9-ந்தேதி, கேரள கடலில் ‘வான் ஹாய்-503’ என்ற கன்டெய்னர் கப்பல் தீப்பிடித்தது. அதில் 18 பேர் மீட்கப்பட, 4 பேர் மாயமானார்கள்.

பெட்டி ஒழுகும்போதே...

‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ வழக்கில் 2025 ஜூலை 24-ந்தேதி இலங்கை சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. கப்பல் தரப்பு 100 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒழுகிய ஒரு பெட்டியைத் துறைமுகத்தில் இறக்கி வைக்க எத்தனை டாலர் ஆகியிருக்கும்? அதற்கு ஒரு தனி இடமும், அமிலத்தைக் கையாளத் தெரிந்த நாலு பேரும் போதும். அந்த ஏற்பாடு எல்லா துறைமுகத்திலும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். தூத்துக்குடியும் ஒரு துறைமுகம்தான்.

தீப்பிடித்த பிறகு போகிற காவல் கப்பல் ஆட்களைக் காப்பாற்றும். கரையைக் காப்பாற்றவும் பாடுபடும். ஆனால் பெட்டி ஒழுகும்போதே அதை இறக்கி வைக்க வேண்டியது கரையில் இருப்பவர்களின் வேலை.