இளைஞர் உளநலமும் ஊர்த்துணைகளும்

உடல் நோயுற்றால் எவரை நாடுதல் வேண்டும் என்பதை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் வைத்தியசாலைக்குச் செல்கின்றோம். என்பு முறிந்தால் முறிவு வைத்தியரைத் தேடுகின்றோம். உள்ளம் நோயுற்றால் எங்கே செல்வது என்று வினவினாலோ, கற்றோர் நிறைந்த குடும்பங்களிலும் விடை கிடைப்பது அரிதாகின்றது. இத்தனைக்கும் அவ்வுதவி கிடைக்கும் இடங்கள் நம்மிற் பலருக்கு இரண்டு மூன்று கட்டைத் தூரத்திலேயே உள்ளன. அவற்றுட் சில நம் வீட்டு வாயிலுக்கே வருகின்றன.

விழா மலரொன்றிற் கல்லூரியின் பழம்புகழ் பேசுதல் மரபு. யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. உளநோய்களுட் பாதியளவு 14 வயதளவிலேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 14 வயதென்பது ஒன்பதாம் வகுப்பு. நோய் தொடங்கும் காலத்துப் பிள்ளை நம் கண்முன்னே வாங்கில் அமர்ந்திருக்கின்றான். ஆதலின் இது பாடசாலைக்குப் புறம்பான பொருளாகாது.

துயரும் நோயும்

தமிழாசிரியராகிய எமக்கு இங்கே தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நினைவிற்கு வருகின்றது. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் ஆங்கு வகுக்கப்பட்டுள்ளன. பிறரால் இகழப்படுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல், வேண்டியது பெறாது வாடுதல் என அவற்றை விளங்கிக்கொள்ளலாம். இந்நான்கும் இன்றும் நம் மாணவரைச் சூழ்ந்துள்ளன. எதிர்பார்த்த பெறுபேறு கிட்டாதவன் அயலார் வாயில் இளிவுறுகின்றான். 2004 திசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளும் 2009 வரை நீடித்த போரும் விட்டுச்சென்ற இழவு, அவற்றை நேரிற் காணாத பிள்ளைகளின் இல்லங்களிலும் பேசப்படாத துயராய் இருக்கின்றது. தந்தை கடல்கடந்து செல்லத் தாய் தனித்து நடத்தும் வீட்டில் அசைவு உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி பல வீடுகளுக்கு வறுமையைக் கொணர்ந்தது.

எனினும் அழுகை அனைத்தும் நோயன்று. துயருற்றவன் சில நாள் உணவு வெறுத்துப் பின் மெல்ல மீள்வது இயல்பு. மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் இடையறாது நிலைத்து, உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் குலைக்குமாயின் அது வைத்திய உதவி வேண்டும் நிலையாகும். நண்பரை முற்றாக விலக்குதல், குளித்தலும் உடைமாற்றலும் கைவிடுதல், எவருமில்லாதவிடத்துக் குரல் கேட்பதாகக் கூறுதல், எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்வதாக அஞ்சுதல், தன் உடலைத் தானே ஊறுபடுத்தல், “நான் இருந்தென்ன” என்று பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் இரண்டு வாரம் வரை காத்திருத்தலுமாகாது. மேற்கூறிய நான்கு காரணங்களுள் ஒன்றும் இல்லாத இல்லத்திலும் இந்நோய்கள் தோன்றுவதுண்டு. பரம்பரையும் மூளைத் தொழிற்பாட்டின் மாற்றமும் காரணமாகலாம். பெற்றோர் வளர்ப்பின் குறையென்று பழி சுமத்துதல் எவர்க்கும் பயன்தராது.

சொல்லும் சுவரும்

நம்மூர்ப் பேச்சில் “விசர்” என்றொரு சொல் உண்டு. விளையாட்டாகவும் கோபமாகவும் நாளொன்றுக்குப் பன்முறை அதனை வழங்குகின்றோம். அச்சொல்லே உளநோயுற்ற குடும்பத்தின் வாயிலில் மதிலாய் எழுகின்றது. மகளின் கலியாணம் தடைப்படும், தம்பியின் உத்தியோகம் பாதிக்கப்படும் என்று அஞ்சி நோயை அறைக்குள் மறைக்கின்றனர். எமக்கு அறிமுகமான தந்தையொருவர் மகனை வைத்தியசாலை ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். வாயிலில் நின்ற ஊழியர், பலருங் கேட்க, “விசர்ப் பகுதிக்கோ?” என்று வினவ, அவர் அவ்வழியே திரும்பி வந்துவிட்டார். மறுபடியும் அவர் அவ்வாயிலை மிதிக்கப் பதினொரு மாதம் சென்றது.

இவ்வச்சத்திற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இலங்கையில் 1873இல் இயற்றப்பட்ட சட்டம் நோயாளரை அடைத்துவைத்துக் காத்தலையே முதன்மையாகக் கொண்டிருந்தது. நெடுங்காலம் “அங்கொடை” என்னும் ஊர்ப்பெயரே வசைச் சொல்லாய் வழங்கிற்று. அந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. கடற்கோளுக்குப் பின் 2005இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, நோயாளர் வாழும் ஊரிலேயே உதவி கிடைத்தல் வேண்டும் என்று வகுத்தது. அங்கொடை வைத்தியசாலை 2008இல் தேசிய மனநல நிறுவகமாயிற்று. வடபகுதியிற் போர்க்காலத்திலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலானோர் ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் இத்துறையிற் பயிற்றினர். சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களும் அக்காலத்தே பணிபுரிந்தன.

எங்கெங்கே செல்லலாம்?

முதலாவது வாயில் பாடசாலையே. வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் பாடசாலைகளிற் கடமையாற்றுகின்றார். அவர் வைத்தியர் அல்லர். எனினும் செவிமடுத்துக் கேட்டு, உரியவிடத்திற்கு ஆற்றுப்படுத்துவார்.

இரண்டாவது, சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை. அதனைச் சார்ந்த குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாக வருபவர். பிள்ளை பெற்ற தாய்மாரைத் தாக்கும் மனச்சோர்வை முதலிற் கண்டறியத்தக்கவர் அவரே.

மூன்றாவது, பிரதேச செயலகம். உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரை ஆங்கே காணலாம். குடும்பப் பிணக்கு, மதுப்பழக்கம், பிள்ளை பாடசாலையை விட்டு விலகல், உதவிப்பணம் என்னும் இவற்றிற்கு இவர்களை நாடுதல் தகும்.

நான்காவது, அரசினர் வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவு. குடாநாட்டில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகள் என்பவற்றில் இச்சேவை உண்டு. பிறமாவட்டத்தார் தத்தம் மாவட்டப் பெரிய வைத்தியசாலையில் விசாரித்தறியலாம். ஆலோசனைக்கும் மருந்திற்கும் கட்டணம் இல்லை.

நேரிற் செல்ல நாணுவோர்க்குத் தொலைபேசி உண்டு. 1926 என்னும் இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவையாகும். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சிறுவர்க்குத் தீங்கு நேருமிடத்து 1929, பெண்களுக்கு 1938. நஞ்சருந்துதல் போன்ற உயிராபத்து நேரின், தாமதியாது 1990 இலவச நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும். 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ என்னும் தொண்டர் அமைப்பு, வாழ்வில் வெறுப்புற்றோர் கூறுவதை இரகசியம் பேணிக் கேட்கின்றது.

இவற்றுள் எவ்வாயிலால் நுழையினும் ஏனையவற்றை அடையலாம் என்பதே நாம் மனத்திற் கொள்ளவேண்டியது. எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் முதல்முறைப் பரீட்சைக்குப் பின் அறையை விட்டு வெளிவராதவனானான். சாதகம் பார்த்தனர், நூல் கட்டினர், நேர்த்தி வைத்தனர். ஏழு மாதங்கள் கழிந்தன. அவன் தமக்கையின் கைக்குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தர், சாத்திய கதவைக் கண்டு, “உள்ளே ஆர்?” என்று கேட்டார். அவர் எழுதிக்கொடுத்த துண்டுடன் அடுத்த கிழமை அவன் உளநலப் பிரிவிற்குச் சென்றான். நான்கு திங்களில் வகுப்பிற்கு மீண்டான். கோயில் வழிபாடு அக்குடும்பத்திற்கு ஆறுதல் அளித்தது என்பதை யாம் மறுக்கவில்லை. நேர்த்திக்கடன் தீர்க்கப் போகும் பாதையிலேயே வைத்தியசாலையும் இருந்தது. இரண்டிற்கும் ஒரே நாளிற் சென்றிருக்கலாம்.

அங்கே நிகழ்வது யாது?

அறியாமையே அச்சத்தின் பெரும்பகுதி. முதல்நாள் வைத்தியர் நோயாளரோடும் பின்னர் வீட்டாரோடும் பேசுவார். உறக்கம், உணவு, பழக்கவழக்கம், குடும்பத்தார்க்கு முன்னர் இத்தகைய நோய் இருந்தமை என்பன பற்றி வினவுவார். பலருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். சிலர்க்கு மருந்தும் வேண்டும். மிகச் சிலரே விடுதியில் தங்க நேரும். மனச்சோர்வு மருந்து பயன்தரச் சில வாரங்கள் செல்லும். மூன்றாம் நாளே குணமில்லை என்று நிறுத்துதல் கூடாது. குணங்கண்ட பின்னரும் வைத்தியர் கூறும் வரை தொடர்தல் வேண்டும். பெற்றோர் பலர் அஞ்சுவதுபோல அம்மருந்து மதுவைப் போன்று அடிமையாக்குவதன்று. நோயாளர் கூறுவன, உயிராபத்து உள்ளவிடத்தன்றிப் பிறர்க்கு வெளியிடப்படா.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். “சாக வேண்டும் என்ற எண்ணம் வருகின்றதா?” என்று நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று பலர் தயங்குகின்றனர். அங்ஙனம் நிகழ்வதில்லை. பரிவோடு கேட்கப்பட்டவன் பெரும்பாலும் பாரம் இறங்கியவனாகின்றான். ஆம் என்பானாயின் அவனைத் தனியே விடாது, நஞ்சும் மருந்தும் கைக்கெட்டாதவாறு அகற்றி, அன்றே உதவி பெறுதல் வேண்டும். இலங்கையில் 1995 அளவில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் மாண்டனர். கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அத்தொகை பாதிக்குங் கீழாய்க் குறைந்தது. ஆபத்தான வேளையில் நஞ்சு கையிற் கிட்டாமையே பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

பழைய மாணவர் கடன்

எமது கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியரும் கிராம அலுவலரும் அதிபரும் வணிகரும் உளர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கக் கிளைகள் உள்ளன. மண்டபமும் மைதானமும் அவர்தம் கொடையாற் பொலிகின்றன. அவற்றினுங் குறைந்த செலவிற் செய்யத்தக்கன மூன்றை அவர்முன் வைக்கின்றோம்.

மாணவர் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் மேற்கூறிய தொலைபேசி இலக்கங்களையும், அயல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவு நடைபெறும் நாட்களையும் அச்சிட்டு, ஆண்டுதோறும் சரிபார்த்தல் ஒன்று. மாதந்தோறும் சிகிச்சைக்குச் செல்லும் வறிய மாணவரின் வழிச்செலவை, பெயர் வெளிவராவண்ணம் அதிபர் வாயிலாக அளித்தல் மற்றொன்று. மூன்றாவதற்குப் பணமே வேண்டியதில்லை. முதல்நாள் வைத்தியசாலைக்குச் செல்லும் தந்தையோடு கூடச் சென்று, வரிசையில் அருகே அமர்ந்திருத்தலே அது. ஊரில் மதிக்கப்படும் ஒருவர் அவ்வாங்கிலில் உடனிருப்பாராயின், வாயிலில் எவர் எச்சொல் கூறினும் அத்தந்தை திரும்பிப் போகார்.

நம் வகுப்புகளில் இன்று வெறுமையாயுள்ள இடங்களுட் சில, இவ்வுதவி எட்டாத பிள்ளைகளின் இடங்கள். அவர்கள் மீண்டு வந்து அமர்வதைக் காணுதலினும் மேலான விழா எமக்கு வேறில்லை.