சர்ச்சும் இல்லை, கேட்டும் இல்லை

சர்ச்கேட் நிலையத்தில் நாள்தோறும் இறங்கும் நம்மவர் ஏராளம். சர்ச் எங்கே, கேட் எங்கே என்று கேட்டவர் எத்தனை பேர்? பழைய கோட்டை மதிலுக்கு மூன்று வாயில்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, 1718இல் திறக்கப்பட்ட புனித தாமஸ் தேவாலயத்துக்குப் போகும் வழியில் இருந்தது. 1860களில், பார்ட்டில் ஃபிரேர் ஆளுநராக இருந்தபோது, மதிலை இடித்துவிட்டார்கள். வாயில் இருந்த இடத்தில் ஃப்ளோரா நீரூற்று வந்தது. பெயர் மட்டும் மேற்கே நடந்துபோய் ரயில் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டது!

இத்தகைய செய்திகளைத் தேடித் தொகுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் சாரதா துவிவேதி அம்மையார். 1942இல் பிறந்த இவர் படித்தது நூலக இயல். அதுவே இவருடைய பலம் என்பது என் எண்ணம். எந்தக் காகிதம் எந்த அலமாரியில் கிடக்கும் என்று அறிந்தவருக்கல்லவா ஊரின் பழங்கதை வசப்படும்!

சமஸ்தான மன்னர்களைப் பற்றி சார்லஸ் ஆலனுடன் சேர்ந்து 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறகு இவர் மனம் முழுவதும் பம்பாய்தான். கட்டடக்கலைஞர் ராகுல் மெஹ்ரோத்ராவுடன் எழுதிய நகர வரலாறு 1995இல் வந்தது. (ஊர் மும்பையாகப் பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான்.) வால்கேஷ்வரில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊறும் பாண்கங்கை குளத்துக்கு ஒரு நூல், சர்ச்கேட்டுக்கு எதிரே 1899இல் எழுந்த ரயில்வே தலைமையகத்துக்கு ஒரு நூல். கோட்டைப் பகுதியைக் காலால் நடந்தே பார்க்க ஒரு கையேடும் உண்டு.

எழுதியதோடு நிற்கவில்லை. பழங்கட்டடங்களைக் காக்க, நாட்டிலேயே முதலாக 1995இல் மும்பையில் விதிமுறைகள் வந்தன. அதற்கென அமைந்த பாரம்பரியக் குழுவிலும் அம்மையார் பணியாற்றினார். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் ஊரில், 'இதை இடிக்காதீர்கள்' என்று சொல்வது எளிய வேலையா?

2008இல் மெஹ்ரோத்ராவும் இவரும் 'பாம்பே டெகோ' நூலை வெளியிட்டனர். வளைந்த பால்கனியும் படகு போன்ற முகப்பும் கொண்ட 1930களின் வீடுகளைப் பற்றியது அது. மாட்டுங்காவாசிகளுக்கு இந்தப் பாணி புதிதன்று. 1896இல் பிளேக் வந்து, 1898இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைந்து, அது வகுத்த தாதர்–மாட்டுங்கா மனைகளில்தான் நம் பெரியவர்கள் குடியேறினார்கள். அங்கும் அதே பால்கனிகள்! நாம் துணி உலர்த்துகிறோம். அம்மையார் அதில் வரலாற்றைப் பார்த்தார்.

2012 பிப்ரவரியில் அவர் காலமானார். ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களும் மெரைன் டிரைவ் வீடுகளும் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மாட்டுங்கா அதில் இல்லை. அங்கே ஒவ்வொரு கட்டடமாக ரீடெவலப்மெண்டுக்குப் போகிறது. சாவியைக் கொடுக்கப்போகும் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: தாத்தா காலத்து வாடகை ரசீதையும் வாசலில் நின்று எடுத்த புகைப்படத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன், சங்க நூலகத்துக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.